சுருக்கிய கோப்பு பிறகும் விரியுமா? எக்ஸ்இசட் கட்டளையும் ஷா256 பட்டியலும்

கோப்பைச் சுருக்குவது ஒரு வரி வேலை. சுருக்கியது ஐந்து வருடம் கழித்து, வேறொரு கணினியில், ஒரு பைட் மாறாமல் விரிய வேண்டும் என்றால்தான் கூடுதலாகச் சில வரிகள் தேவைப்படும். இந்தக் குறிப்பில் அந்தக் கூடுதல் வரிகளுக்கே அதிக இடம்.

எடுத்துக்கொண்ட கருவி எக்ஸ்இசட். ஏறக்குறைய எல்லா லினக்ஸிலும் கிடைக்கும். லாஸ்ஸே காலின் எழுதியது. இதன் கோப்பு வடிவம் 2009-ல் வரையறுக்கப்பட்டது. உள்ளே ஓடும் எல்இசட்எம்ஏ முறை, ஈகோர் பாவ்லோவின் 7-ஜிப்பிலிருந்து வந்தது. பழைய சுருக்கக் கருவியான ஜிஜிப் தன் கோப்பின் கடைசி 8 பைட்டில் ஒரு 32-பிட் சிஆர்சியும் (பைட் மாறினால் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்பு எண்) மூலக் கோப்பின் நீளமும் வைப்பதோடு நின்றுவிடும். எக்ஸ்இசட் தரவைத் தொகுதி தொகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணை வைக்கும். தலைப்புப் பகுதிக்கும் கடைசியில் உள்ள அட்டவணைக்கும் தனித்தனி சிஆர்சி உண்டு. எந்த வகைச் சரிபார்ப்பு வேண்டும் என்பதை நாமே தேர்ந்தெடுக்கலாம். இந்த வடிவம் தேவைக்கு மேல் சிக்கலானது என்று எல்ஜிப் கருவியை எழுதிய அந்தோனியோ டியாஸ் டியாஸ் வாதிடுகிறார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் எங்கே போனாலும் விரிக்க ஆள் இருக்கும் வடிவம் என்ற காரணத்துக்காக எக்ஸ்இசட்டையே பரிந்துரைக்கலாம்.

கட்டளைகள் இங்கே தமிழ் எழுத்தில் ஒலிப்படி தரப்பட்டுள்ளன. டெர்மினலில் அவற்றை ஆங்கில எழுத்தில், எல்லாம் சின்ன எழுத்தாக அடிக்க வேண்டும். ஒற்றை எழுத்துச் சுருக்கங்களைத் தவிர்த்து, இரண்டு கோடு போட்ட முழுச்சொல் வடிவங்களையே பெரும்பாலும் கொடுத்திருக்கிறது: --கீப், --டெஸ்ட், --லிஸ்ட் என்பது போல. ஸ்கிரிப்டில் எழுதி வைத்து இரண்டு வருடம் கழித்துப் படித்தாலும் இவை புரியும். கோப்புப் பெயர்களை உங்களுடையதாக மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் பதிப்பைப் பாருங்கள்

எக்ஸ்இசட் --வெர்ஷன்

5.6.0 அல்லது 5.6.1 என்று வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு இயங்குதளத்தைப் புதுப்பியுங்கள். இந்த இரண்டு பதிப்புகளிலும் திட்டமிட்டு ஒரு பின்கதவு (வெளியாள் ரகசியமாக நுழையும் வழி) வைக்கப்பட்டிருந்தது. தொலைவில் உள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்சின் உள்நுழைவு வழக்கத்தைவிட அரை விநாடி அதிகம் எடுப்பதைத் துருவிய ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் அதைக் கண்டுபிடித்து 2024 மார்ச் 29 அன்று வெளியிட்டார். அந்தக் கெட்ட பகுதி முறையான கையொப்பம் போட்ட வெளியீட்டுத் தொகுப்பிலேயே இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஹாஷும் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எண்; ஷா256 அதில் ஒரு வகை) கையொப்பமும், ‘அனுப்பியவர் அனுப்பியது இதுதான்’ என்று சொல்லும். அனுப்பியவர் நல்லது செய்தாரா என்று சொல்லாது.

பட்டியல் முன்னால், சுருக்கம் பின்னால்

பலரும் சுருக்கிவிட்டு, அந்தச் சுருக்கிய கோப்புக்கு ஹாஷ் எடுக்கிறார்கள். அதுவும் வேண்டும்தான். ஆனால் மூலக் கோப்புகளின் ஹாஷ் அதற்கு முன்பே எடுத்திருக்க வேண்டும். எக்ஸ்இசட் உள்ளே வைக்கும் சரிபார்ப்பு எண், எக்ஸ்இசட் எதைப் படித்ததோ அதற்கானது. பழுதான ரேம் படித்த பைட்டை மாற்றிக் கொடுத்திருந்தால், மாறிய பைட்டுக்கே அழகாக முத்திரை குத்திவிடும். பிறகு எத்தனை முறை சோதித்தாலும் ‘சரி’ என்றே வரும்.

ஆவணம் என்ற ஃபோல்டரைப் பாதுகாக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் போகாமல், அது இருக்கும் மேல் ஃபோல்டரில் நின்றுகொண்டு:

ஃபைண்ட் ஆவணம் -டைப் எஃப் -எக்ஸெக் ஷா256சம் '{}' + > ஆவணம்.ஷா256

ஃபைண்ட் மட்டும் முழுச்சொல்லுக்கும் ஒற்றைக் கோடுதான் ஏற்கும். பட்டியலை ஃபோல்டருக்கு வெளியே எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. உள்ளே எழுதினால், எழுதிக்கொண்டிருக்கும்போதே பட்டியல் தனக்கும் ஒரு ஹாஷ் எடுத்துக்கொள்ளும். எழுதி முடிந்ததும் அதன் உள்ளடக்கம் மாறிவிடுவதால் அந்த ஒரு வரி என்றைக்குமே தோல்வி காட்டும். முழுப் பாதையாக, அதாவது சாய்கோட்டில் தொடங்கிக் கொடுக்காமல் ‘ஆவணம்’ என்று மட்டும் கொடுப்பதும் முக்கியம். அப்படிச் செய்தால்தான் வேறொரு கணினியில் வேறொரு இடத்தில் விரித்தாலும் பட்டியல் வேலை செய்யும்.

பட்டியலைத் திறந்து பாருங்கள். ஒரு வரிக்கு 64 எழுத்து, இரண்டு இடைவெளி, கோப்புப் பெயர். அந்த 64 எழுத்தில் எண்களும், ஏ முதல் எஃப் வரையிலான ஆங்கில எழுத்துகளும் மட்டுமே வரும். வரிகள் ஈ3பி0சி442 என்று தொடங்குகின்றனவா என்று ஒரு பார்வை பார்ப்பது நல்லது: அது காலிக் கோப்பின் ஷா256, எந்தக் கணினியிலும் மாறாது. காலியாக இருக்கக்கூடாத கோப்புக்கு அந்த எண் வந்தால், கெட்டுப்போனது இப்போது இல்லை, முன்பே போயிருக்கிறது.

சரிபார்ப்பது:

ஷா256சம் --செக் --கொயட் ஆவணம்.ஷா256

--கொயட் போட்டால் தவறியவை மட்டும் திரையில் வரும். ஒன்றும் வராமல் முடிந்தால் எல்லாம் சரி. பட்டியலில் இல்லாத புதுக் கோப்பு ஃபோல்டரில் இருந்தால் இந்தக் கட்டளை அதைப் பற்றி வாயே திறக்காது. பட்டியலில் உள்ளதை மட்டுமே அது தேடும்.

பழைய ஹாஷ் வகையான எம்டி5 போதாதா என்று கேட்பவர்களுக்கு: வட்டில் தானாக நேரும் சிதைவைக் கண்டுபிடிக்கப் போதும். யாரோ வேண்டுமென்றே மாற்றியிருப்பார்களோ என்ற சந்தேகத்துக்குப் போதாது. ஒரே எம்டி5 வரும் இரண்டு வேறு கோப்புகளை 2004-லேயே உருவாக்கிக் காட்டிவிட்டார்கள். ஷா1-க்கு அது 2017-ல் நடந்தது. ஷா256-க்கு இதுவரை யாரும் அப்படிக் காட்டவில்லை. இன்றைய கணினிகளில் ஷா256 எடுப்பதும் பெரிய சுமை இல்லை என்பதால் பழையதைப் பிடித்துக்கொண்டிருக்கக் காரணம் கிடையாது.

தமிழில் பெயர் வைத்த கோப்புகளில் ஒரு சங்கடம் வரும். ‘கொ’ என்ற எழுத்தில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். மேக் கணினிகளின் பழைய ஹெச்எஃப்எஸ் பிளஸ் வட்டு, பெயரை இரண்டாகப் பிரித்தே சேமிக்கும். அங்கே எடுத்த பட்டியலை லினக்ஸில் ஓட்டினால், கண்ணெதிரே இருக்கும் கோப்பையே ‘காணவில்லை’ என்று சொல்லும். கோப்பு கெட்டுவிட்டதோ என்று பதற வேண்டாம். ஹாஷை மட்டும் தனியாக எடுத்து ஒப்பிட்டால் ஒத்துப்போகும். விண்டோஸில் செய்த பட்டியலிலும் இதேபோல் நேரும், காரணம் வேறு. வரி முடிவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கூடுதல் எழுத்து நிற்கும். பழைய பவர்ஷெல்லில் > குறி போட்டு எழுதியிருந்தால் கோப்பு முழுவதுமே யூடிஎஃப்-16 ஆகிவிடும். டாஸ்2யூனிக்ஸ் கட்டளையில் ஒருமுறை போட்டு எடுத்தால் இரண்டும் சரியாகும்.

சுருக்குதல்

எக்ஸ்இசட் --கீப் --செக்=ஷா256 --வெர்போஸ் பதிவு.லாக்

--கீப் என்பதை எந்த அவசரத்திலும் விடக்கூடாது. அது இல்லாவிட்டால், சுருக்கி முடித்ததும் எக்ஸ்இசட் மூலக் கோப்பை அழித்துவிடும். இது பிழை அல்ல, அதன் இயல்பே அப்படி. ஜிஜிப்பும் இதையே செய்யும். அழிப்பதற்கு முன், எழுதியது வட்டில் உண்மையாகவே இறங்கிவிட்டதா என்று உறுதி செய்யும் வழக்கம் 5.8 பதிப்பில்தான் சேர்ந்தது. அதற்கு முந்தைய பதிப்பில், சுருக்கி முடிந்த கையோடு மின்சாரம் போனால் மூலமும் இருக்காது, சுருக்கியதும் முழுதாக இருக்காது என்ற நிலை வரலாம். மூலத்தை அழிப்பது, கீழே வரும் சோதனைகளெல்லாம் முடிந்த பிறகு நீங்களே கையால் செய்ய வேண்டிய வேலை.

--செக் எதுவும் சொல்லாவிட்டால் சிஆர்சி64 வைக்கும். தற்செயலான சிதைவுக்கு அது தாராளமாகப் போதும். ஷா256 கேட்டால் ஒரு தொகுதிக்கு 8 பைட்டுக்குப் பதிலாக 32 பைட் செலவாகும், அவ்வளவுதான். கோப்பு சின்னஞ்சிறு விரிப்பான்களிடம், குறிப்பாக லினக்ஸ் கெர்னலிடம், போகப் போகிறது என்றால் மட்டும் சிஆர்சி32 கொடுங்கள். --செக்=நன் என்று ஒன்று இருக்கிறது; அதைத் தொட வேண்டாம்.

சுருக்கும் அளவை 0 முதல் 9 வரை ஒரு கோடு போட்டு -6 என்பது போல் கொடுக்கலாம். சொல்லாவிட்டால் 6. எண் கூடக்கூட, முன்னால் வந்த தரவை எவ்வளவு தூரம் நினைவில் வைத்துக்கொண்டு தேடும் என்பது கூடுகிறது: 6-ல் 8 எம்பி, 7-ல் 16, 8-ல் 32, 9-ல் 64 எம்பி. ஆகவே 5 எம்பி கோப்புக்கு -9 போடுவதில் பயன் இல்லை. கோப்பு முழுவதும் -6-லேயே நினைவில் அடங்கிவிடுகிறது. நினைவகச் செலவு மட்டும் ஏறும். சுருக்க 6-ல் 94 எம்பி ரேம் போதும், 9-ல் 674 எம்பி வேண்டும். விரிக்க 6-ல் 9 எம்பி, 9-ல் 65 எம்பி. இதெல்லாம் ஒரு த்ரெட்டுக்கு, அதாவது ஒரே நேரத்தில் ஓடும் வேலைப் பிரிவுகளில் ஒன்றுக்கு. --த்ரெட்ஸ்=0 போட்டு எல்லாக் கோரையும் -9-ல் ஓட விட்டால் ஒவ்வொரு த்ரெட்டும் ஒரு ஜிபிக்கு மேல் கேட்கும்; ரேம் குறைந்த கணினி மூச்சுத் திணறலாம். --மெம்லிமிட்-கம்ப்ரஸ்=50% என்று ஒரு எல்லை கட்டிவிட்டால் த்ரெட் எண்ணிக்கையைத் தானே குறைத்துக்கொள்ளும். 5.6 முதல் பல த்ரெட்டில் ஓடுவது இயல்பாகிவிட்டது. அதற்கு முந்தைய பதிப்பில் நீங்கள் கேட்க வேண்டும்.

பல த்ரெட்டில் ஓடும்போது கோப்பு தொகுதிகளாக வெட்டப்படும். -6-ல் ஒரு தொகுதி 24 எம்பி. இதனால் சுருக்கம் கொஞ்சம் தளரும். ஆனால் விரிக்கும்போதும் பல த்ரெட் வேலை செய்ய முடிவது இதனால்தான், அதுவும் 5.4 பதிப்பு முதல். பெரிய கோப்பில் சோதனை சீக்கிரம் முடியும். சீக்கிரம் முடிகிற சோதனையைத்தான் அடிக்கடி செய்வோம் என்பதால் இந்த இழப்பை ஏற்றுக்கொள்ளலாம்.

ஜேபெக் படங்கள், எம்பி4 காணொளிகள், ஜிப் தொகுப்புகள் எல்லாம் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. அவற்றை மறுபடி சுருக்கினால் நேரம்தான் போகும். அவற்றுக்கு டார் (பல கோப்புகளை ஒரே கோப்பாகக் கட்டும் கருவி) போட்டுக் கட்டி, ஹாஷ் பட்டியல் சேர்த்தால் போதும்.

ஃபோல்டரைக் கட்டும்போது

எக்ஸ்இசட்டுக்கு ஃபோல்டர் என்றால் என்னவென்று தெரியாது. டார்தான் கட்ட வேண்டும்:

டார் --கிரியேட் --எக்ஸ்இசட் --ஃபைல்=ஆவணம்.டார்.எக்ஸ்இசட் ஆவணம்

இதே வேலையைப் பைப் (ஒரு கட்டளையின் வெளியீட்டை இன்னொன்றுக்கு அனுப்பும் வழி) போட்டுச் செய்யும் ஸ்கிரிப்டுகள் ஏராளம்: டார் ஒருபக்கம் கட்ட, இடையில் நெடுங்கோடு, மறுபக்கம் எக்ஸ்இசட் சுருக்கும். இதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. டார் பாதியில் செத்துப்போனால் எக்ஸ்இசட்டுக்கு அது தெரியாது. வந்தவரை வந்தது என்று சுருக்கி, சரிபார்ப்பு எண் வைத்து, முறைப்படி மூடிவிடும். பைப்பின் வெளியேறு எண் (வென்றதா தோற்றதா என்று முடியும்போது சொல்லும் எண்), கடைசிக் கட்டளையின் எண் என்பதால் ஸ்கிரிப்டும் ‘வெற்றி’ என்று எழுதிக்கொள்ளும். பிறகு எக்ஸ்இசட் சோதனையும் வெற்றி. உள்ளே இருப்பதோ பாதி டார். இதைத் தடுக்க பாஷ் ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் ஒரு வரி:

செட் -ஓ பைப்ஃபெயில்

இனி பைப்பில் எந்த இடத்தில் தோற்றாலும் மொத்தமும் தோல்வியாகக் கணக்காகும். டார் எழுதும் எச்சரிக்கைகளையும் தள்ளிவிடாமல் படியுங்கள். பெயர்களின் முன்னால் உள்ள சாய்கோட்டை எடுத்துவிட்டதாகச் சொன்னால் கவலை இல்லை. ‘ஃபைல் சேஞ்ச்டு ஆஸ் வி ரெட் இட்’ என்றால், கட்டிக்கொண்டிருக்கும்போதே யாரோ அந்தக் கோப்பில் எழுதிக்கொண்டிருந்தார்கள் என்று பொருள்; ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸை அப்படியே கட்டினால் இதுதான் வரும், அந்த நகல் உதவாது. ‘பர்மிஷன் டினைட்’ என்றால் அந்தக் கோப்பு தொகுப்பிலேயே இல்லை.

சோதனை

எக்ஸ்இசட் --டெஸ்ட் --வெர்போஸ் ஆவணம்.டார்.எக்ஸ்இசட்

இது கோப்பை முழுவதும் விரித்துப் பார்த்து, ஒவ்வொரு தொகுதியின் சரிபார்ப்பு எண்ணையும் ஒப்பிட்டு, விரித்ததை எங்கும் எழுதாமல் விட்டுவிடும். --லிஸ்ட் என்ற கட்டளையை இதற்குப் பதிலாக நினைத்துக்கொள்பவர்கள் உண்டு, இரண்டும் ஒன்றல்ல. --லிஸ்ட் கடைசியில் உள்ள அட்டவணையை மட்டும் படித்து, அளவையும் விகிதத்தையும் சரிபார்ப்பு வகையையும் சொல்லும். நடுவில் உள்ள தரவைத் தொடவே தொடாது.

வேறுபாட்டை நீங்களே பார்க்கலாம். 10 எம்பிக்கு மேல் உள்ள ஏதாவது ஒரு எக்ஸ்இசட் கோப்பை நகலெடுத்து, நகலின் உள்ளே ஒரே ஒரு பைட்டை மாற்றுங்கள்:

டிடி இஃப்=/டெவ்/யூரேண்டம் ஓஎஃப்=நகல்.எக்ஸ்இசட் பிஎஸ்=1 சீக்=5000 கவுண்ட்=1 கான்வ்=நோட்ரங்க்

இதில் இரண்டு டி சேர்ந்ததுதான் கட்டளை; இஃப் என்பது உள்ளீடு, ஓஎஃப் வெளியீடு, பிஎஸ் ஒரு முறை எழுதும் அளவு. 5000 பைட்டைத் தாண்டிப் போய் ஒரே ஒரு பைட்டைத் தற்செயல் பைட்டால் எழுதும். கடைசியில் உள்ள நோட்ரங்க் விடுபட்டால் கோப்பின் மீதி முழுவதும் வெட்டப்பட்டுவிடும். நகலில் மட்டும் செய்யச் சொன்னது அதனால்தான். இப்போது --லிஸ்ட் கொடுங்கள்: எல்லாம் நலம் என்று அளவு காட்டும். --டெஸ்ட் கொடுங்கள்: ‘கம்ப்ரஸ்டு டேட்டா இஸ் கரப்ட்’. 256-ல் ஒரு தடவை தற்செயலாகப் பழைய பைட்டே மறுபடி விழலாம். அப்படி ஆனால் இன்னொரு முறை ஓட்டுங்கள். அதே போல் வேறொரு நகலில் ட்ரங்கேட் --சைஸ்=-1 கொடுத்துக் கடைசி ஒரு பைட்டை மட்டும் வெட்டினால், சோதனை ‘அன்எக்ஸ்பெக்டட் எண்ட் ஆஃப் இன்புட்’ என்று சொல்லும். இந்த இரண்டு செய்தியையும் ஒருமுறை நேரில் பார்த்து வைத்தால், உண்மையில் வரும்போது அடையாளம் தெரியும்.

முதல் செய்தி, உள்ளே பைட் மாறியிருக்கிறது என்பது. இரண்டாவது, கோப்பு பாதியில் நின்றுவிட்டது என்பது. இறக்கிக்கொண்டிருக்கும்போது இணைப்பு அறுந்ததோ வட்டு நிறைந்ததோ காரணமாக இருக்கும், மறுபடி இறக்கினால் தீரும். வெட்டுப்பட்ட கோப்பைக் கண்டுபிடிக்கச் சோதனைகூட வேண்டாம்: எக்ஸ்இசட் கோப்பு எப்போதும் ஒய், இசட் என்ற இரண்டு பெரிய எழுத்தில் முடியும். டெய்ல் --பைட்ஸ்=2 என்று கோப்புப் பெயரோடு கொடுத்தால் அந்த இரண்டு எழுத்தும் திரையில் வர வேண்டும். பல ஜிபி கோப்பிலும் இது உடனே முடிந்துவிடும். ஆனால் அது வெட்டுப்படவில்லை என்பதற்கு மட்டுமே சாட்சி. ‘ஃபைல் ஃபார்மேட் நாட் ரெகக்னைஸ்டு’ என்றால் அது எக்ஸ்இசட் கோப்பே அல்ல. பெரும்பாலும் இறக்கிய இடத்தில் கோப்புக்குப் பதில் ஒரு பிழைப் பக்கம் வந்து அதே பெயரில் உட்கார்ந்திருக்கும். ஃபைல் என்ற கட்டளையில் கொடுத்தால் அது என்னவென்று தெரிந்துவிடும்.

ஒரே கோப்பு ஒருமுறை தோற்று, மறுமுறை வெல்கிறதா? கோப்பைச் சந்தேகிக்காதீர்கள், கணினியைச் சந்தேகியுங்கள். ரேம் பழுதானால் இப்படித்தான் காட்டும். மெம்டெஸ்ட்86+ ஓட்டிப் பார்க்கும் வரை அந்தக் கணினியில் எதையும் சுருக்கவும் வேண்டாம், நகலெடுக்கவும் வேண்டாம்.

ஸ்கிரிப்டில் சோதிக்கும்போது திரைச் செய்தியைத் தேடாமல் வெளியேறு எண்ணைப் பாருங்கள்: 0 என்றால் சரி, 1 என்றால் தவறு, 2 என்றால் ஏதோ எச்சரிக்கை.

இத்தனைக்குப் பிறகும், டார் முழுமையாக இருக்கிறதா என்பது பாக்கி. அதற்கு முதலில் எடுத்த பட்டியல் வருகிறது. சோதனை என்று ஒரு காலி ஃபோல்டர் செய்து அதில் விரித்து, உள்ளே போய்ச் சரிபாருங்கள்:

டார் --எக்ஸ்ட்ராக்ட் --டைரக்டரி=சோதனை --ஃபைல்=ஆவணம்.டார்.எக்ஸ்இசட்
சிடி சோதனை
ஷா256சம் --செக் --கொயட் ../ஆவணம்.ஷா256

மூலக் கோப்புகள், டார், சுருக்கம், விரிப்பு ஆகிய நான்கையும் ஒரே மூச்சில் சோதிப்பது இது ஒன்றுதான். மூலத்தை அழிக்கும் முன் இதைச் செய்யாமல் விடக்கூடாது. வட்டில் இடம் போதாதவர்கள் டார் --கம்பேர் என்ற கட்டளையைப் பயன்படுத்தலாம்; அது விரிக்காமலேயே தொகுப்பை வட்டில் உள்ள மூலத்தோடு ஒப்பிட்டு, வேறுபட்டதை மட்டும் சொல்லும்.

இரண்டு தடவை சுருக்கி, சுருக்கிய கோப்புகளின் ஹாஷை ஒப்பிடுவது பயன்படாது. எக்ஸ்இசட் பதிப்பு, சுருக்கும் அளவு, தொகுதி அளவு எது மாறினாலும் வெளிவரும் பைட்டுகள் மாறலாம். டாருக்குள் கோப்பு மாற்றிய நேரமும் பதிவாகிறது. விரித்த பிறகு வருவதன் ஹாஷ்தான் ஒப்பிடத் தகுந்தது. ஒற்றைக் கோப்பென்றால் எக்ஸ்இசட்கேட் கட்டளையின் வெளியீட்டைப் பைப் வழியாக ஷா256சம்முக்கு அனுப்பினால் போதும், வட்டில் ஒன்றும் எழுத வேண்டியதில்லை.

பென்டிரைவில் போட்ட பிறகு

நகலெடுத்த உடனே அதே இடத்தில் சோதித்தால், நீங்கள் சோதிப்பது பென்டிரைவை அல்ல. சற்றுமுன் எழுதிய தரவு இன்னும் ரேமில் இருக்கும். இயங்குதளம் அதிலிருந்தே எடுத்துக் கொடுத்துவிடும். சிங்க் கட்டளை கொடுத்து, முறையாக அன்மவுண்ட் செய்து, கழற்றி, மறுபடி செருகி, அதன்பின் --டெஸ்ட் ஓட்டுங்கள். மேலே அச்சிட்டிருப்பதைவிடக் குறைந்த கொள்ளளவு உள்ள போலி பென்டிரைவ்கள் இதில் மாட்டிக்கொள்ளும்: கோப்புப் பெயரும் அளவும் சரியாக இருக்கும், உள்ளே வேறு ஏதோ இருக்கும். புது பென்டிரைவை எஃப்3 என்ற கருவியால் முழுக்க நிரப்பிப் படித்துப் பார்த்துவிட்டுப் பயன்படுத்துவது இன்னும் நல்லது.

ஃபேட்32 வடிவில் உள்ள டிரைவில் ஒரு கோப்பு 4 ஜிபியை எட்ட முடியாது. ஸ்ப்ளிட் --பைட்ஸ்=2ஜி என்று துண்டு போடலாம்; அளவைக் குறிக்கும் ஜி மட்டும் பெரிய எழுத்து. துண்டுகளைத் தனித்தனியாக எக்ஸ்இசட் சோதிக்க முடியாது என்பதால் ஒவ்வொரு துண்டுக்கும் ஷா256 எடுத்து வையுங்கள். கேட் கட்டளையில் வரிசை மாறாமல் சேர்த்தால் பழையபடி ஒன்றாகும்.

ஹாஷ் பட்டியலின் ஒரு பிரதி வேறொரு இடத்திலும் இருக்க வேண்டும். கோப்பை மாற்ற முடிந்தவர், பக்கத்திலேயே கிடக்கும் பட்டியலையும் மாற்ற முடியும். அந்தக் கவலை உண்மையாகவே உள்ளவர்கள் ஜிபிஜி --டீடாச்-சைன் கொண்டு பட்டியலுக்குக் கையொப்பம் போட்டு வைக்கலாம்.

கெட்டுப்போன பிறகும், அதற்கு முன்பும்

சாதாரணமாக விரிக்கும்போது பிழை வந்தால், எக்ஸ்இசட் அதுவரை எழுதியதையும் அழித்துவிடும். கெட்ட இடம் வரையிலாவது வேண்டும் என்றால்:

எக்ஸ்இசட்கேட் பதிவு.லாக்.எக்ஸ்இசட் > கிடைத்தவரை.லாக்

பிழைச் செய்தி வரும், வெளியேறு எண் 1 வரும், ஆனால் அதுவரை விரிந்தது கோப்பில் இருக்கும். அதன் கடைசிப் பகுதியை நம்ப வேண்டாம். சரிபார்ப்பு எண் தொகுதியின் முடிவில் இருப்பதால், அந்தத் தொகுதியில் வந்தவை சரிபார்க்கப்படாதவை. கெட்ட தொகுதியைத் தாண்டி அடுத்ததற்குப் போகும் மீட்புக் கருவி எதையும் எக்ஸ்இசட் தன்னோடு தருவதில்லை. இங்கே பிசிப்2 என்ற இன்னொரு சுருக்கக் கருவி மேல். அதில் ஒவ்வொரு தொகுதியின் தொடக்கத்திலும் பை எண்ணின் இலக்கங்கள், 314159265359, அடையாளமாக இருக்கும். பிசிப்2ரெகவர் அந்த அடையாளத்தைத் தேடி, நல்ல தொகுதிகளைத் தனித்தனியாகப் பிரித்துக் கொடுத்துவிடும்.

சரிபார்ப்பு எண் ‘கெட்டுவிட்டது’ என்று சொல்லத்தான் முடியும், திருத்த முடியாது. திருத்த வேண்டுமென்றால் முன்கூட்டியே உபரித் தரவு செய்து வைத்திருக்க வேண்டும். அதற்கான கருவி பார்2. சுருக்கி, சோதித்து முடித்த கோப்பின் மேல்:

பார்2 கிரியேட் -ஆர்10 ஆவணம்.பார்2 ஆவணம்.டார்.எக்ஸ்இசட்

10 சதவீதம் உபரி செய்யும். சொல்லாவிட்டால் 5 சதவீதம். பின்னால் இருப்பது ரீட்-சாலமன் கணக்கு, 1960-ல் வந்தது, சிடி தட்டுகளில் கீறல் விழுந்தாலும் பாட்டு ஓடியது இதனால்தான். பிற்காலத்தில் பார்2 வெரிஃபை கொடுத்தால் நிலவரம் சொல்லும், பார்2 ரிப்பேர் கொடுத்தால் திருத்தும். 10 சதவீதம் என்பதைப் ‘பைட்டுகளில் 10 சதவீதம் கெட்டாலும் சரி’ என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பார்2 கோப்பை ஏறத்தாழ 2000 துண்டாகப் பார்க்கிறது. ஒரு துண்டில் ஒரே ஒரு பைட் மாறினாலும் அந்தத் துண்டு முழுவதும் போனதாகவே கணக்கு. ஒரே இடத்தில் பெரிய ஓட்டை விழுந்தால் நன்றாகச் சமாளிக்கும். 300 இடத்தில் சிதறலாக ஒவ்வொரு பைட் கெட்டால் 10 சதவீதம் போதாது. முழு வட்டும் செத்தால் அதே வட்டில் உள்ள பார்2 கோப்பும் போய்விடும், ஆகவே இன்னொரு வட்டில் இன்னொரு நகல் என்பதற்கு இது மாற்று அல்ல.

ஆண்டுக்கு ஒருமுறையாவது எல்லா நகல்களிலும் --டெஸ்ட் ஓட்டி, ஓட்டிய தேதியையும் எக்ஸ்இசட் பதிப்பையும் பட்டியலின் பக்கத்தில் ஒரு சிறு உரைக் கோப்பில் எழுதி வையுங்கள். ஒரு நகல் தோற்றால், மற்ற நகலை முதலில் சோதித்து, அது வென்றதை உறுதி செய்த பிறகே அதிலிருந்து புது நகல் எடுங்கள். கெட்டதை நல்லதன் மேல் எழுதிவிடும் தவறு அந்தப் பதற்றத்தில்தான் நடக்கும்.